அத்தியாயம் 6: சொல்வது யார்? ஆங்கிலத்தில் 'வேணும்', 'லாம்', 'கூடாது'

"நாளைக்கு நான் மட்டக்களப்புக்குப் போகவேணும்." கொக்கட்டிச்சோலையில் ஒருவர் இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. முகமும், கையிலிருக்கும் கோப்பும், வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்ற செய்தியும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ஆசைக்குப் போகிறவர் 'ஐ வொன்ட் டு கோ' என்கிறார். தன் மனமே தன்னைத் துரத்தினால் 'ஐ மஸ்ட் கோ.' கச்சேரியில் வரச்சொல்லியிருந்தால் 'ஐ ஹேவ் டு கோ.' போவதாக ஏற்பாடு, போவாரா என்பது அவருக்கே தெரியாது என்றால் 'ஐ ஆம் சப்போஸ்ட் டு கோ.' நான்குக்கும் நம்மிடம் உள்ளது ஒரே 'போகவேணும்'.

கட்டாயத்தையும் அனுமதியையும் சொல்லும் ஆங்கிலத் துணைவினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் மட்டக்களப்பு வாவியின் இக்கரையான படுவான்கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பட்டியல் இரண்டு மூன்று புள்ளி தரும். ஒரு விண்ணப்பம் எழுத உட்காரும்போது அது கைகொடுக்காது. ஆகவே பட்டியலை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இதைச் சொல்வது யார், யாருடைய பலத்தில் சொல்கிறார்? விடை தெரிந்தால் சொல் அநேகமாகத் தானாக வந்துவிடும்.

ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுத்துக்கூட்டலை மறுகா அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசையும் கடமையும்

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளை, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக லீவு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஐ வொன்ட் டு டேக் மை மதர் டு த கிளினிக் ஒன் மன்டே' என்று எழுதுகிறது. இலக்கணத்தில் குற்றமே இல்லை. படிக்கும் முகாமையாளருக்கோ அது ஒரு விருப்பம். விருப்பத்தைத் தள்ளிப்போடலாம், "செவ்வாய்க்கிழமை போனால் என்ன?" என்று பதில் வரும். 'ஐ ஹேவ் டு டேக் மை மதர்' என்று எழுதியிருந்தால், திங்கட்கிழமையைத் தீர்மானித்தது கிளினிக், பிள்ளை அல்ல என்பது அந்த இரண்டு சொல்லிலேயே புரிந்துவிடும். அடுத்த வசனம் கோரிக்கை: 'குட் ஐ ஹேவ் த மோர்னிங் ஒஃப்?' முதலில் காரணத்தின் பலம் வெளியே இருப்பதைக் காட்டுகிறீர்கள், அடுத்ததில் முடிவை அவர் கையில் வைக்கிறீர்கள். லீவுக் கடிதத்துக்கு இவ்வளவு போதும். 'கைன்ட்லி', 'ஹம்ப்ளி', 'மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுலி' எல்லாம் பழைய மணியகாரர் காலத்து அலங்காரம். எழுதினாலும் கெட்டுப்போகாது, எழுதாவிட்டாலும் லீவு கிடைக்கும்.

இந்தப் பிழை தமிழ் பேசுவோருக்கு எளிதில் வரும். 'எனக்குத் தண்ணி வேணும்' என்பதிலும் 'நான் போகவேணும்' என்பதிலும் அதே 'வேணும்' வருவதால், கை தானாக 'வொன்ட்' பக்கம் போகிறது. எழுதி முடித்ததும் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு 'வொன்ட்' மேலும் விரலை வைத்து, "இது என் ஆசையா?" என்று கேளுங்கள். ஆசை இல்லையென்றால் வெட்டுங்கள்.

மஸ்ட்டும் ஹேவ் டுவும்

இரண்டும் கட்டாயம்தான். 'மஸ்ட்' சொல்பவரின் வாயிலிருந்து பிறக்கும் கட்டாயம். 'ஹேவ் டு' எங்கோ ஏற்கெனவே இருக்கும் கட்டாயம். சொல்பவர் அதை எடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் சப்பாத்துடன் வந்து நிற்கிறார். நீங்கள் 'யூ மஸ்ட் டேக் ஒஃப் யுவர் ஷூஸ்' என்றால் நீங்களே அதிகாரியாகி அவருக்கு உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும். 'யூ ஹேவ் டு டேக் ஒஃப் யுவர் ஷூஸ் ஹியர்' என்றால் கோயிலின் ஒழுங்கை ஒரு ஊரவராகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். 'வீ ஹேவ் டு' என்று உங்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாசலில் பலகை எழுதும்போது மாத்திரம் 'மஸ்ட்' சரி. அங்கே பேசுவது கோயிலே. 'ஷூஸ் மஸ்ட் பி ரிமூவ்ட்' என்று எழுதினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

'மஸ்ட்' எப்போதும் கடுமையான சொல் என்று நினைத்து அதைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நட்டம். வீட்டுக்கு வந்தவரை "கட்டாயம் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்" என்று மறிக்கிறோமே, அதற்குப் பொருத்தமான ஆங்கிலம் 'யூ மஸ்ட் ஈட் சம்திங் பிஃபோர் யூ கோ' என்பதுதான். 'யூ மஸ்ட் கம் ஃபோர் த தேர்' என்று ஒரு நண்பரை அழைத்தால் அது அன்பு. வேறுபாடு நன்மை யாருக்கு என்பதில் இருக்கிறது. செய்பவருக்கே நன்மை என்றால் 'மஸ்ட்' உபசாரம். சொல்பவருக்கு நன்மை என்றால் அதே சொல் அதட்டல். 'யூ மஸ்ட் ட்ரை அவர் கேர்ட்' என்று தயிரை நீட்டலாம். 'யூ மஸ்ட் சைன் மை ஃபோர்ம்' என்று கிராம உத்தியோகத்தரிடம் சொல்லக்கூடாது.  

இறந்தகாலத்துக்கு வாருங்கள். 'மஸ்ட்' சொல்லுக்கு இறந்தகால வடிவம் இல்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'மோட்டன்' என்றொரு வினை இருந்தது; அனுமதி இருக்கிறது என்பது பொருள். அதன் இறந்தகாலம் 'மோஸ்டெ'. அந்த 'மோஸ்டெ'தான் தேய்ந்து 'மஸ்ட்' ஆனது, பொருளும் அனுமதியிலிருந்து கட்டாயத்துக்கு மாறியது. ஏற்கெனவே இறந்தகாலமாக இருந்த சொல்லுக்கு இன்னொரு இறந்தகாலம் எங்கிருந்து வரும்? அந்த வேலையை 'ஹேட் டு' செய்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் ஜப்பானிய உதவியுடன் கட்டித் திறக்கப்படும்வரை, இந்தத் துறையால் வாவியைக் கடக்கப் பாதை என்ற மிதவைப் படகு வரும்வரை காத்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அவசரமென்றால் வவுணதீவுப் பக்கமோ பட்டிருப்புப் பக்கமோ சுற்றிப் போகவேண்டியிருந்தது. அந்தக் காலத்தை ஆங்கிலத்தில் சொல்ல 'வீ ஹேட் டு வெயிட் ஃபோர் த ஃபெரி' என்பதே வழி. இன்றைக்கு? 'வீ டோன்ட் ஹேவ் டு வெயிட் எனி மோர்.'

கடைசியில் சொன்ன 'டோன்ட் ஹேவ் டு' நம் ஆட்களை அதிகம் விழுத்தும் இடம். அதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

வேண்டாம்: இரண்டு முகம் உள்ள சொல்

"நீங்க நாளைக்கு வரவேண்டாம்." இது தடையா, சலுகையா? சொல்பவரின் குரல் தெரியாமல் நிச்சயமாகச் சொல்லமுடியாது. "வராதீங்க" என்ற தடையாகவும் இருக்கலாம், "வரத் தேவையில்லை, வீண் அலைச்சல்" என்ற கருணையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவை இரண்டும் எதிரெதிர்க் கரைகள். தடை 'மஸ்ட் நொட்'. தேவையின்மை 'டோன்ட் ஹேவ் டு', அல்லது கொஞ்சம் பழைய பாணியில் 'நீட் நொட்'. தமிழில் 'கூடாது', 'தேவையில்லை' என்று பிரித்துச் சொல்ல நமக்கும் வழி இருக்கிறது. பேச்சில் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்பதில் அடக்கிவிடுகிறோம்.

வைத்தியசாலையில் இந்தக் குழப்பம் ஆபத்து. வெறும் வயிற்றில் சீனிப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் தெரியாத வைத்தியர் சொல்கிறார்: 'யூ மஸ்ட் நொட் ஈட் எனிதிங் ஆஃப்டர் டென். யூ கேன் டிரிங்க் வோட்டர்.' கூடப்போன மகன் அம்மாவிடம் திருப்பிச் சொல்கிறான்: "பத்து மணிக்குப் பிறகு சாப்பிடவேண்டாமாம்." அம்மா அதை 'சாப்பிடத் தேவையில்லை' என்று எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் பசி தாங்காமல் இரண்டு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றால் பரிசோதனை வீண். மகன் சொல்லியிருக்கவேண்டியது: "ஒண்டும் சாப்பிடக்கூடாதாம், தண்ணி குடிக்கலாமாம்." தேத்தண்ணி, பால், சீனி போட்ட எதுவும் அந்தத் 'தண்ணி'யில் அடங்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மறுபக்கமாகவும் தவறு நடக்கும். வைத்தியர் 'யூ டோன்ட் ஹேவ் டு கம் எவ்ரி மன்த்' என்றால் மாதாமாதம் வரத் தேவையில்லை என்பது பொருள். வந்தால் துரத்தமாட்டார்கள். இதை 'வரக்கூடாதாம்' என்று விளங்கிக்கொண்டு, இடையில் வருத்தம் கூடியும் வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு. 'யூ மஸ்ட் நொட் ஸ்டொப் திஸ் டேப்லட்' என்றால் வேறு கதை. அது தடை, குளிசையை நிறுத்தவே கூடாது. பிரெஷர் குளிசை போடுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தையாவது காதில் பதித்துக்கொள்ளுங்கள்.

காது பழகுவதற்கு ஒரு சின்ன உத்தி. 'மஸ்ட் நொட்' பேச்சில் 'மஸ்ன்ட்' என்று ஒலிக்கும், நடுவில் உள்ள 'ட்' விழுந்துவிடும். வேகமாகப் பேசுபவரிடம் அது கேட்கவில்லை என்றால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: 'மஸ்ன்ட், ஓர் டோன்ட் ஹேவ் டு?' கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்கிற சொல்லும் கொடுக்கிற சொல்லும்

பாடசாலையில் எல்லோரும் படித்தது 'மே ஐ கம் இன், டீச்சர்?' வாசலில் நின்று ஒரே இராகத்தில் சொல்வோம். வகுப்பை விட்டதும் அந்த 'மே' நம்மைவிட்டுப் போய்விடும். அனுமதிக்கு 'மே'தான் சரி, 'கேன்' இயலுமைக்கு மட்டும் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் உண்டு. என் கருத்தில் அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று லண்டனிலும் கொழும்பிலும் அனுமதி கேட்க 'கேன் ஐ' என்பதையே பெரும்பாலும் சொல்கிறார்கள்; ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் 'குட் ஐ'. நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், பெரிய மேடை போன்ற இடங்களுக்கு 'மே ஐ' எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நுட்பம் பதிலில் இருக்கிறது. 'குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?' என்று ஒருவர் கேட்டால் 'யெஸ், யூ குட்' என்று சொல்லக்கூடாது. 'குட்' கேட்பவர் காட்டும் பணிவு. கொடுப்பவருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, ஆகவே 'யெஸ், யூ கேன்', அல்லது வெறும் 'ஷுவர், கோ அஹெட்'. 'யெஸ், யூ மே' என்றால் இலக்கணம் சரிதான், ஆனால் சிம்மாசனத்தில் இருந்து அருள்பாலிக்கிற தோரணை வந்துவிடும். பிள்ளைகளிடம் சொல்லலாம். உங்களைவிட வயதில் மூத்தவரிடம் வேண்டாம்.

நம் பேச்சில் இயலுமைக்கு இரண்டு சொல் இருக்கிறது, அனுமதிக்கு வேறொன்று. 'எனக்குத் தோணி வலிக்கத் தெரியும்' என்றால் பழகியிருக்கிறேன். 'எனக்கு ஏலும்' என்றால் உடம்பில் பலம் இருக்கிறது. 'நீ வலிக்கலாம்' என்றால் தோணிக்காரர் விடை கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'கேன்' போதும். இதிலே ஒரு வேடிக்கை: 'கேன்' பிறந்தது 'குன்னன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து, அதன் பொருளும் 'அறிதல்'தான். தோணி வலிக்கத் தெரியும் என்று நாம் சொல்கிற அதே வழியில்தான் அவர்களும் தொடங்கியிருக்கிறார்கள்.

'கேன்' எந்தப் பொருளில் வருகிறது என்பதைச் சூழலே காட்டும். கொக்கட்டிச்சோலைக் கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, இந்தக் கல் நந்தி புல்லுத் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டதாகவும், நந்தி எழுந்து புல்லைத் தின்றதாகவும் ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. தளபதி ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் 'கேன் இட் ஈட் கிராஸ்?' இயலுமா என்ற கேள்வி. அதே வசனத்தை இன்றைக்கு ஒரு சிறு பிள்ளை கையில் புல்லோடு ஒரு பசுக்கன்றைக் காட்டி உங்களிடம் கேட்டால், கொடுக்கலாமா என்ற கேள்வி. ஒரு சொல்லும் மாறவில்லை.

இறந்தகாலத்தில் மட்டும் கவனம் வேண்டும். பொதுவாக இருந்த அனுமதிக்கு 'குட்' சரி: 'சில்ட்ரன் குட் டிராவல் ஃப்ரீ.' ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கிடைத்த அனுமதிக்கு 'குட்' பொருந்தாது, 'வோஸ் அலவ்ட் டு' அல்லது 'வேர் அலவ்ட் டு' சொல்லவேண்டும். போர்க்காலத்தில் வாவியைக் கடந்து இக்கரைக்குப் பற்றரியோ யூரியாவோ கொண்டுவரக் காவலரணில் நின்ற தலைமுறைக்கு 'அலவ்ட்' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 'வீ வேர் நொட் அலவ்ட் டு பிரிங் பெட்டரீஸ் அக்ரோஸ். வன் டே வீ வேர் அலவ்ட் டு பிரிங் டூ.' இரண்டாம் வசனத்தில் 'வீ குட்' போட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்பது தெளிவாகாது. எதிர்மறையில் இந்தச் சிக்கல் இல்லை; 'வீ குட்ன்ட்' எங்கும் செல்லும்.

காகிதத்தில் வரும் ஆங்கிலம்

பேச்சில் யாரும் 'ஷெல்' சொல்வதில்லை, 'ஷெல் வீ கோ?' என்று கேட்பதைத் தவிர. சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அதற்குத் தனி ஆட்சி. நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சிங்களம் அரசகரும மொழி என்பதைச் சொல்ல வருவது 'ஷெல் பி'. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றதும், ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றதும் அதே 'ஷெல்' கொண்டுதான். இந்த 'ஷெல்' நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. எழுதிக் கையெழுத்திட்ட கணத்திலிருந்து அப்படித்தான் என்று நிறுவுகிறது. கடிதம் தமிழில் எழுதினால் எடுபடாது என்று யாராவது சொன்னால் பயப்படவேண்டாம்; வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ். 'யூ டோன்ட் ஹேவ் டு ரைட் இன் இங்கிலிஷ்.' ஒரு ஆங்கில வழிகாட்டி நூலில் இதைச் சொல்வது விசித்திரமாகத் தெரியலாம். விருப்பத்தோடு படிப்பதற்கும் பயத்தில் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சட்டங்களில் அடிக்கடி வரும் இன்னொரு தொடக்கம் 'நோ பேர்சன் ஷெல்'. 'எந்த ஒருவரும் செய்யக்கூடாது' என்று பொருள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் குறிப்பிட்ட மீன்பிடி முறைகளை இப்படித்தான் தடுக்கிறது, பிறகு 'எக்செப்ட்' என்று தொடங்கி அனுமதிப்பத்திரம் உள்ளவருக்குக் கதவைத் திறக்கிறது. வாவியில் தொழில் செய்பவர் இந்த வகை வசனத்தைப் படிக்கும்போது முன்பாதியோடு நிறுத்தக்கூடாது. 'எக்செப்ட்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' என்ற சொற்களைத் தேடுங்கள். அனுமதி அவற்றுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இந்த அத்தியாயத்தில் பணம் சம்பந்தப்பட்ட பகுதி வேலை ஒப்பந்தம். கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போகவேண்டும் என்பது தெரியும். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பவர் குறைவு. எல்லாம் படிக்க நேரமில்லை என்றால் இரண்டு சொல்லை மட்டும் சுற்றி வட்டமிடுங்கள்: 'ஷெல்', 'மே'. மாதிரிக்கு நான் எழுதும் மூன்று வரி:

'த எம்ப்ளோயர் ஷெல் ப்ரொவைட் ஃபூட் அன்ட் அக்கொமடேஷன்.'
'த எம்ப்ளோயர் மே ப்ரொவைட் எ ரிட்டேர்ன் டிக்கெட்.'
'த எம்ப்ளோயி ஷெல் நொட் லீவ் த வேர்க்சைட் விதவுட் பெர்மிஷன்.'

முதல் வரியில் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளியின் கடமை. தராவிட்டால் நீங்கள் முறைப்பாடு செய்யலாம். இரண்டாம் வரியைத் தரகர் "ரிட்டேர்ன் டிக்கட்டும் இருக்குத்தானே மனே" என்று வாசித்துக் காட்டுவார். இல்லை. 'மே' இருக்கும்போது டிக்கெட் தருவதும் தராததும் முதலாளியின் விருப்பம். அனுமதி கிடைத்திருப்பது அவருக்கு, உங்களுக்கு அல்ல. கையெழுத்து வைக்குமுன் 'கேன் யூ சேஞ்ச் மே டு ஷெல்?' என்று கேளுங்கள். மாற்றமாட்டோம் என்றால் டிக்கெட் காசை நீங்களே சேமிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். மூன்றாம் வரி உங்கள் மேல் விழும் தடை. 'விதவுட் பெர்மிஷன்' இருப்பதால் கேட்டுப் போக வழி இருக்கிறது. யாரிடம் கேட்பது, எழுத்திலா வாயாலா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்துங்கள். 'மே நொட்' என்று வந்தால் இன்னும் கவனம்: ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் தடை, சாதாரணப் பேச்சில் 'நடக்காமலும் போகலாம்' என்ற சந்தேகம்.

இந்தச் சொற்களின் பலத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுக்கக்கூடாது என்று வெளியுலகிலும் சிலர் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவின் 'ஹைவே கோட்' என்ற வீதி ஒழுங்கு நூலில் 'மஸ்ட்', 'மஸ்ட் நொட்' வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' வந்தால் அறிவுரை. மீறுவது மட்டுமே குற்றமாகாது, ஆனால் விபத்து வழக்கில் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படலாம். அங்கே சாரதிப் பத்திரத்துக்குப் படிக்கும் நம் உறவினர்களுக்கு இந்த வேறுபாடு அரைவாசிப் பாடம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களுக்கு 1997இல் வெளிவந்த 'ஆர்எஃப்சி 2119' என்ற சின்ன ஆவணம் இதைவிடக் கறார். 'மஸ்ட்' என்றால் விலக்கே இல்லை. 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு, விடலாம். 'மே' என்றால் முழுக்க உங்கள் இஷ்டம். கணினித் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அதைத் தேடிப் படித்துப் பார்க்கலாம், சில பக்கம்தான்.

யானை வந்திருக்கவேண்டும்

'ஷுட்' அறிவுரை. 'யூ ஷுட் சீ எ டொக்டர்' என்பதில் அக்கறை இருக்கிறது, அதிகாரம் இல்லை. 'ஓட் டு' அதன் மூத்த உறவு, இன்று அருகி வருகிறது. இவற்றில் சிரமம் ஒன்றும் இல்லை. சிரமம் கடந்ததைப் பற்றிப் பேசும்போது தொடங்குகிறது.

விடிந்து எழும்பிப் பார்க்கிறீர்கள். வேலி சரிந்து கிடக்கிறது. மூன்று வாழை முறிந்திருக்கிறது, ஒன்றின் குருத்தைக் காணோம். ஈரமண்ணில் அண்டா அளவு வட்டமாகத் தடம். "இரவு யானை வந்திருக்கவேணும்" என்கிறீர்கள். யானைக்கு அப்படி ஒரு கடமை இருந்ததாக யாரும் நினைக்கமாட்டார்கள். ஆதாரத்தைப் பார்த்து ஊகிக்கிறீர்கள். ஆங்கிலமும் இங்கே நம் பாதையிலேயே வருகிறது: 'என் எலிஃபன்ட் மஸ்ட் ஹேவ் கம்.' தடம் தெளிவில்லை, மாடாகவும் இருக்கலாம் என்றால் "வந்திருக்கலாம்": 'என் எலிஃபன்ட் மே ஹேவ் கம்', அல்லது 'மைட் ஹேவ் கம்'. அனுமதிக்கு நாம் சொல்லும் அதே 'லாம்', அவர்கள் சொல்லும் அதே 'மே'. இந்த இடத்தில் தமிழை நம்பி நடக்கலாம்.

ஆனால் வனஜீவராசிகள் திணைக்களத்தவர் அடுத்த நாள்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்க நேற்றே வந்திருக்கவேணும்" என்கிறீர்கள். தமிழ் வினை மாறவே இல்லை. பொருள் மாறிவிட்டது: வரவேண்டியவர்கள் வரவில்லை என்ற குறை. இதற்கு 'மஸ்ட் ஹேவ்' போடவே கூடாது. 'யூ மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே' என்றால் "நீங்க நேற்று வந்துட்டுப் போயிருக்கிறீங்க போல" என்று அவருக்கே சான்றிதழ் கொடுத்துவிடுவீர்கள். குறைக்குரியது 'யூ ஷுட் ஹேவ் கம் யெஸ்டர்டே.' நடந்ததை ஊகித்தால் 'மஸ்ட் ஹேவ்'. நடக்காததற்கு வருந்தினால், அல்லது கண்டித்தால், 'ஷுட் ஹேவ்'. முறைப்பாட்டுக் கடிதம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் போடாதீர்கள்.

வடிவப் பிழைகள்

சுருக்கமாக. 'மஸ்ட்', 'கேன்', 'மே', 'ஷுட்' சொற்களுக்குப் பின்னால் 'டு' வராது. 'ஐ மஸ்ட் டு கோ' பிழை. 'ஹேவ்', 'ஓட்', 'அலவ்ட்' சொற்களுக்குப் பின்னால் 'டு' வந்தே ஆகவேண்டும். 'ஹீ' வந்தாலும் 'மஸ்ட்' மாறாது, 'ஹேவ் டு' மட்டும் 'ஹேஸ் டு' ஆகும். 'கேன் ஏபிள் டு' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிக் கிடக்கிறது; ஒன்று போதும்.

பயிற்சி

ஒரே நிகழ்ச்சியை ஐந்து இடத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள்: குறித்த திகதிக்கு முன் மாடுகளை வயல் வட்டையை விட்டு வெளியேற்றவேண்டும். முதலில் அறிவித்தல் பலகைக்கு எழுதுங்கள். அடுத்து, மாடு வைத்திருக்கும் உங்கள் நண்பரிடம் நீங்களும் மாட்டுக்காரராக நின்று சொல்லுங்கள். மூன்றாவதாக, இன்னும் ஒரு கிழமை தவணை தரமுடியுமா என்று அந்த வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேளுங்கள். நான்காவதாக, திகதி கடந்த பிறகு ஒரு காலை, பயிர் மேயப்பட்டு, குளம்படி பதிந்து கிடப்பதைப் பார்த்து ஊகியுங்கள். ஐந்தாவதாக மாட்டுக்காரரைக் கண்டு பேசுங்கள்.

பலகையில் 'கெட்டில் மஸ்ட் பி ரிமூவ்ட் ஃப்ரொம் த ஃபீல்ட்ஸ்.' பேசுவது கூட்டம், ஆகவே 'மஸ்ட்'. அதையே சட்டமாக எழுதுபவர் 'ஷெல் பி ரிமூவ்ட்' என்பார். நண்பரிடம் 'வீ ஹேவ் டு மூவ் தெம்.' விதானையிடம் 'குட் வீ ஹேவ் வன் மோர் வீக்?' அவர் சம்மதித்தால் அவர் வாயில் வருவது 'யூ கேன்', 'யூ குட்' அல்ல. மேயப்பட்ட பயிரைப் பார்த்து 'கெட்டில் மஸ்ட் ஹேவ் கம் இன் லாஸ்ட் நைட்.' மாட்டுக்காரரிடம் 'யூ ஷுட் ஹேவ் மூவ்ட் தெம்.' அவர் பதிலுக்கு 'ஐ டிட்ன்ட் ஹேவ் டு, த விதானை கேவ் மி எ வீக்' என்று சொன்னால் அவருடைய ஆங்கிலத்தில் குற்றம் பிடிக்க இடமில்லை. விதானையைத்தான் போய்க் கேட்கவேண்டும்.